உள்வரும் தரவுக்கு யார் வழி வகுப்பது? திருப்பதி, சித்தூர் வளாகங்களை முன்வைத்து

சுருக்கம்: இரண்டு இணைய நிறுவனங்களிடம் இணைப்பு பெற்ற கல்வி வளாகம், உள்வரும் தரவைப் பங்கிட வழி அறிவிப்புகளை மாற்றிக்கொண்டே இருப்பது பயன் குறைந்தது. அறிவிப்பை நிலையாக வைத்து, கோரிக்கை புறப்படும் முகவரியை மாற்றுவதே மேல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. சிக்கல்

திருமலை 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட் இணையத்தில் வெளியாகும்போது சர்வருக்கு வருபவை சிறு கோரிக்கைகள். கனமான பதில்கள் வெளியே செல்கின்றன. கல்வி வளாகத்தில் இது தலைகீழ். 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் 2015இல் வந்த ஐஐடி, ஐசர் நிறுவனங்களும் உள்ள திருப்பதியில், விடுதிக் காணொளி முதல் ஆய்வுத் தரவு வரை பெரும்பகுதி உள்வரவே. வெளிச்செல்லும் தரவுக்கு நாம் வழி தேர்கிறோம். உள்வருவதற்கு அனுப்புபவரும் இடைநிறுவனங்களும் தேர்கின்றனர்.

2. வழக்கமான கருவிகள்

அந்தத் தேர்வைத் திருப்ப, தன் வலையின் அடையாளமான ஏஎஸ் எண்ணை அறிவிப்பில் பலமுறை எழுதிப் பாதையை நீளமாகக் காட்டும் ‘பிரீபெண்டிங்’ முறையைப் பலர் முதலில் நாடுகின்றனர். ஆனால் வலைகள் வழிகளைப் பரிமாறும் நெறிமுறையான பிஜிபி, பாதை நீளத்துக்கு முன்பே, ஒவ்வொரு வலையும் வழிகளுக்குத் தானே தரும் ‘லோக்கல் பிரிஃபரன்ஸ்’ மதிப்பைப் பார்க்கிறது. நிறுவனங்கள் பொதுவாகத் தம் வாடிக்கையாளர் வழிக்கே அதிக மதிப்பு தருகின்றன. ஒரு வளாகம் ஏர்டெல், பிஎஸ்என்எல் இரண்டுக்கும் வாடிக்கையாளர் என்று கொள்வோம். ஏர்டெல் வலைக்குள்ளிருந்து கிளம்பும் தரவு, எண்ணை எத்தனை முறை எழுதினாலும் ஏர்டெல் இணைப்பிலேயே வரும். அறிவிப்பில் குறியீடு சேர்த்து அம்மதிப்பைக் குறைக்கக் கோரும் ‘கம்யூனிட்டி’ முறையை 1996இல் ஆர்எஃப்சி 1998 என்ற எண்ணுள்ள இணைய ஆவணம் விளக்கியது. எந்தக் குறியீட்டை ஏற்பது என்பது நிறுவனத்தின் முடிவு.

முகவரித் தொகுதியைத் துண்டாக்கி அறிவிப்பது உறுதியாகப் பலிக்கும். மிகக் குறுகிய தொகுதிக்கே ரவுட்டர்கள் முன்னுரிமை தருகின்றன. ஆனால் ‘/24’ என்ற அளவுக்கும் சிறிய தொகுதியைப் பலர் ஏற்பதில்லை. மேலும், ஒவ்வொரு துண்டும் உலக வழி அட்டவணையைப் பெருக்குகிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று அட்டவணை 512 ஆயிரம் என்ற கொள்ளளவைத் தாண்டியபோது பழைய ரவுட்டர்கள் பல திணறின.

3. பரிந்துரை

வளாகத்திடம் ஒரு /22, அதாவது 1,024 முகவரிகள் இருப்பதாகக் கொள்வோம். முழுத் தொகுதியை இரு நிறுவனங்கள் வழியாகவும் அறிவிக்க வேண்டும். கூடவே ஒரு /24ஐ முதல் நிறுவனம் வழியாகவும், இன்னொன்றை இரண்டாவது வழியாகவும் மட்டும் அறிவிக்க வேண்டும். பிறகு, உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் ‘நாட்’ ரவுட்டர் மாணவரின் கோரிக்கைக்கு எந்த /24இலிருந்து முகவரி தருகிறதோ, அந்த இணைப்பிலேயே பதில் திரும்பும். ஓர் இணைப்பு நிரம்பினால் புதிய தொடர்புகளை மற்றத் தொகுதிக்கு மாற்றினால் போதும். நடப்பவை அறுபடா, அந்த இரு துண்டுகளுக்கு மேல் உலக அட்டவணையும் மாறாது. இணைப்பே அறுந்தால் முழுத் தொகுதி அறிவிப்பு காப்பாகும்.

சொந்த ஏஎஸ் எண் இல்லாத சித்தூர்க் கல்லூரி ஒன்றுக்கும் இது பொருந்தும்: ஒவ்வொரு நிறுவனமும் தந்த முகவரியில் புறப்படும் கோரிக்கைக்கு, பதில் அந்த நிறுவனம் வழியாகவே வரும்.

4. எல்லைகள்

வெளியார் தொடங்கும் தொடர்பை, அதாவது வளாகச் சர்வருக்கு வரும் கோரிக்கையை, இம்முறை ஆளாது. அங்கே கம்யூனிட்டியும், பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் பதில்களுமே துணை. நாட் இல்லாத ஐபிவி6இல் இந்தச் சுதந்திரம் சுருங்கும். அறிவிக்கும் உரிமையைச் சான்றளிக்கும் ஆர்பிகேஐ பதிவில் /22 மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தால் /24 அறிவிப்புகளைச் செல்லாதவையாகப் பல நிறுவனங்கள் கழித்துவிடும். அவற்றுக்கும் பதிவு தேவை.

5. முடிவு

கோரிக்கை நம் வாசலில் பிறக்கும் வரை, பதிலின் வழியும் பெருமளவு நம் கையில் இருக்கிறது. எனவே வளாகங்கள் முதலில் எந்தத் தரவு எங்கிருந்து வருகிறது என்று அளக்க வேண்டும். பிரீபெண்டிங்கைக் கடைசிக் கருவியாக வைக்க வேண்டும். இணைப்புகள் உண்மையிலேயே தனித்தனியா என்பதையும் பார்க்க வேண்டும்: இரு நிறுவனங்களின் ஃபைபரும் சென்னைக்கு ஒரே குழாயில் சென்றால், ஒரே வெட்டில் இரண்டும் போகும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தப் பாதையின் வரைபடத்தைக் கேட்டு வாங்குவது நிர்வாகத்தின் கடமை.