ஈட்டி ஏந்திய படகும் கை நீட்டும் படகும்

மெக்சிகோ நாட்டின் மேற்கே ஒரு நீண்ட விரலெனக் கடலுக்குள் இறங்குகிறது பாகா கலிபோர்னியா தீபகற்பம். அதன் கீழைக்கரையிலுள்ள லொரேட்டோவில் 1697-ஆம் ஆண்டு இயேசு சபைக் குரு சல்வதியேரா அன்னை மரியாவின் பெயரால் ஒரு மறைத்தளத்தை நிறுவினார். இன்று அவ்வூருக்கு வரும் உல்லாசக் கப்பல்களின் பயணிகள், குளிர்காலத்தில் பேருந்தேறித் தீபகற்பத்தைக் கடந்து, மேலைக்கரையின் மக்தலேனா விரிகுடாவுக்குச் செல்கின்றனர். மீனவரின் சிறு படகுகளில் அமர்ந்து சாம்பல் நிறத் திமிங்கிலங்களைக் கண்டு களித்துக் கப்பலுக்குத் திரும்புகின்றனர். ஒரு நாள் உலாவாகத் தோன்றும் இதன் பின்னே துயரமான வரலாறு ஒன்று உண்டு.

வடதுருவத்தை அடுத்த கடல்களில் கோடையைக் கழிக்கும் இத்திமிங்கிலங்கள், பல்லாயிரம் கிலோமீட்டர் நீந்தி இந்த அமைதியான நீர்நிலைகளில் கன்று ஈனுகின்றன. தாய்மையின் இவ்விடத்தையே மனிதன் கொலைக்களமாக்கினான். 1845-46 குளிர்காலத்தில் அமெரிக்க வேட்டைக் கப்பல்கள் மக்தலேனா விரிகுடாவுக்குள் நுழைந்தன. 1857-இல் கப்பல் தலைவர் சார்லஸ் ஸ்கேமன் வடக்கேயுள்ள மற்றொரு காயலைக் கண்டறிந்தார். எண்ணெய்க்காகச் சிறு படகுகளில் சென்று ஈட்டி எறிந்தனர். கன்றைக் காக்கத் தாய் படகை மோதி நொறுக்கியது. அதற்கு வேடர் இட்ட பெயர் ‘பேய் மீன்’. இருபது, முப்பது ஆண்டுகளுக்குள் காயல்கள் வெறுமையாயின.

1946-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை இவ்வினத்துக்குப் பாதுகாப்பளித்தது. ஆயினும் மீனவர் உள்ளத்தில் அச்சம் நீங்கவில்லை. 1972-இல் சான் இக்னாசியோ காயலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த பச்சிகோ மயோராலின் படகருகே ஒரு திமிங்கிலம் வந்து நெடுநேரம் நின்றது. அஞ்சி நடுங்கிய அவர் இறுதியில் கை நீட்டித் தொட்டார். ஈட்டி எறிந்த அதே சிறு படகின் வரலாறு அங்கே திரும்பியது. இன்று படகோட்டிகள் திமிங்கிலத்தைத் துரத்துவதில்லை. அது தானாக வரும்வரை காத்திருக்கின்றனர்.

விலங்கு நம்மை மன்னித்துவிட்டது என்று நாம் எண்ணி மகிழலாம். ஆனால் ஒப்புரவு அத்துணை எளிதன்று. 2016-இல் ஏறத்தாழ 27,000-ஆக இருந்த இத்திமிங்கிலங்கள், 2025-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஏறத்தாழ 13,000-ஆகக் குறைந்துவிட்டன. வடகடலில் இரை அருகியதே முதன்மைக் காரணம் என்கின்றனர் அறிஞர். நம் ஆலைகளும் ஊர்திகளும், பயணிகளைச் சுமந்துவரும் அக்கப்பல்களுங்கூட, கக்கும் புகை அக்கடலைச் சூடேற்றுகிறது. ஈட்டியைக் கீழே வைத்துவிட்டோம். எறிந்தவன் முகம் தெரியாத வேறொரு ஈட்டி இன்னும் பாய்ந்துகொண்டிருக்கிறது.

பாவத்துக்கு மனம் வருந்தினால் மட்டும் போதாது, பரிகாரமும் செய்யவேண்டும் என்பது திருச்சபை நமக்குக் கற்பித்த பாடம். அன்போடு தடவிக் கொடுப்பது நல்ல தொடக்கம். ஆனால் பரிகாரம் ஆகாது. படைப்பின்மீது நாம் கொண்ட அன்பு உண்மையானதா என்பது, கரை திரும்பியபின் நாம் வாழும் வாழ்விலேயே விளங்கும்.