கட்டுச்சோறு கொண்டுவந்த சாமி

பம்மலிலிருந்து திருக்கச்சூருக்கு நடந்தே போய் வரலாம் என்று நண்பர் சொன்னபோது சிரித்துவிட்டேன். "போய் வரலாம் இல்லை சார், போகலாம். வரும்போது ரயில்" என்று அவரே திருத்திக்கொண்டார். பல்லாவரம் வந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துச் சிங்கப்பெருமாள் கோவில் வரை போய் மேற்கே திரும்ப வேண்டும். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். எனக்கு அப்போது அறுபது. அவருக்கு என்னைவிட ஐந்து வயது கூட, சர்க்கரை வேறு. அவருக்கு ஒரு பிரார்த்தனை இருந்தது. என்னவென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாசி மாதம். விடியற்காலை மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். தோளில் ஆளுக்கொரு துணிப்பை. என் வீட்டில் தயிர்சாதமும் மாவடுவும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். குரோம்பேட்டை தாண்டும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. டாக்டர் சவரிமுத்து 1928இல் தொடங்கிய காசநோய் சானடோரியத்தின் மரங்களுக்கருகில் வந்தபோது பறவைகள் கத்த ஆரம்பித்தன. தாம்பரத்தில் முதல் டீ. நண்பர் குடிக்கவில்லை. சாமி பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதுவும் தொடுவதில்லை என்று விரதமாம். அதை அங்கேதான் சொன்னார். வீட்டிலேயே சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

வண்டலூர் வரை நன்றாகவே நடந்தார், என்னைவிட வேகமாக. நடக்க நடக்க ஒன்று புரிந்தது. இத்தனை வருஷம் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் போன சாலைதான். ஆனால் ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது, அதன் கீழே காற்று வருகிறது என்பதெல்லாம் காலுக்குத்தான் தெரியும். வாகனத்தில் போகிறவனுக்கு நிழல் என்பது ஒரு பொருளே அல்ல.

பொத்தேரியைத் தாண்டியதும் பக்கத்தில் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் நண்பர் ஒரு மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டிருக்கிறார் மனிதர்.

சாலையோரம் தள்ளுவண்டியில் ஒரு அம்மாள் கேழ்வரகுக் கூழ் விற்றுக்கொண்டிருந்தார். நான் கூப்பிடுவதற்கு முன்பே ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்தார். "சக்கரை இறங்கிப்போச்சு ஐயா இவருக்கு. எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆவும்" என்று சொல்லி, பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு கை சர்க்கரை வாங்கிவந்து தண்ணீரில் கலக்கினார். நண்பர் வாயை இறுக மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார். விரதம்!

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியதோ, "யாரைப் பார்க்கப் போகிறோம் சார்? திருக்கச்சூர் சாமியைத்தானே? பசியோடு வாசலில் உட்கார்ந்தவனுக்கு அவர் என்ன செய்தார் என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு டம்ளரை வாங்கிக் குடித்தார். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அப்புறம் இரண்டு சொம்பு கூழ், கடித்துக்கொள்ள மோர் மிளகாய். அம்மாள் கூழுக்குக் காசு வாங்கிக்கொண்டார், சர்க்கரைக்கு வாங்கவில்லை.

அந்தக் கதை பெரிய புராணத்தில் வருகிறது. சுந்தரர் திருக்கழுக்குன்றத்தை வணங்கிவிட்டுத் திருக்கச்சூருக்கு வருகிறார். ஆலக்கோயிலில் தரிசனம் முடிந்து வெளியே வந்து வாசலில் உட்காருகிறார். உச்சிவேளை. சமையல் செய்யும் பரிசனங்கள் வந்து சேரவில்லை. பசி. அப்போது ஒரு அந்தணர் வந்து, மிகவும் பசித்திருக்கிறீர் போலிருக்கிறது, இங்கேயே இரும், நான் சோறு இரந்து கொண்டுவருகிறேன் என்கிறார். திருவோடு ஒன்றை ஏந்திக்கொண்டு அந்த வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுத்துச் சோறும் கறியும் கொண்டுவந்து தருகிறார். சுந்தரரும் கூட வந்த அடியார்களும் சாப்பிடுகிறார்கள். பிறகு பார்த்தால் ஆளைக் காணோம். அந்தக் கால்கள் பொழுது உச்சியில் இருக்கும்போது மண்ணில் நடந்தனவே என்று சுந்தரர் உருகிப்போகிறார். இன்றும் அந்த ஊரில் ஈசனுக்கு இரந்திட்ட ஈஸ்வரர், விருந்திட்ட ஈஸ்வரர் என்ற பெயர்கள் உண்டு.

இதை எழுதிய சேக்கிழார் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். பம்மலிலிருந்து அனகாபுத்தூர் வழியாகப் போனால் பத்து கிலோமீட்டருக்குள் குன்றத்தூர். அங்கே அருண்மொழித்தேவர் என்ற பெயரோடு பிறந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாய சோழன் என்னும் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர். கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள திருநாகேச்சரத்தின் மேல் அவருக்குத் தீராத பிரியம். குன்றத்தூரிலேயே அந்தப் பெயரில் ஒரு கோயில் கட்டிக்கொண்டார். பெரிய புராணத்தை அரங்கேற்றியபோது சோழன் அவரை யானைமேல் ஏற்றித் தானே கவரி வீசினான் என்று சொல்வார்கள். யானை கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் இவரும் நிறைய நடந்திருப்பார் என்பது என் எண்ணம். நடக்காத ஒருவரால் வழிநடைப் பசியை இப்படி எழுதியிருக்க முடியாது.

அவருடைய புத்தகத்தில் எல்லோரும் நடந்துகொண்டேதான் இருக்கிறார்கள். குழந்தை சம்பந்தரை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். தோளை விட்டிறங்கி நடந்து பிஞ்சுப் பாதம் நோகிறது என்றதும், திருநெல்வாயில் அரத்துறையில் இறைவன் முத்துப் பல்லக்கு கொடுக்கிறான். சரி, குழந்தை. வயதான நாவுக்கரசருக்கு என்ன கிடைத்தது? திருப்பைஞ்ஞீலிக்குப் போகிற வழியில் பசியும் தாகமும் வருத்த, தளராமல் நடந்து வருகிறார். வழியில் ஒரு சோலையும் குளமும், அங்கே பொதிசோற்றோடு காத்திருக்கும் ஒரு அந்தணரும். நடந்து இளைத்துவிட்டீர், இதைச் சாப்பிட்டு இந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்து இளைப்பாறும் என்கிறார். சாப்பிட்டதும் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து மறைகிறார். பல்லக்கு இல்லை. பொன்னும் இல்லை. ஒரு கட்டுச்சோறு, கொஞ்சம் தண்ணீர், மரநிழல், பேச்சுத்துணை. அவ்வளவுதான்.

சீர்காழிப் பக்கம் திருக்குருகாவூரிலும் இதேதான். அங்கே சுந்தரருக்குப் பசியோடு தாகமும் சேர்ந்துகொள்கிறது. இறைவன் குளிர்ச்சியாக ஒரு பந்தலைப் போட்டு, தண்ணீரும் கட்டமுதும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சாப்பிட்டவர்கள் அந்தப் பந்தலிலேயே படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சாமி கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் யோகத்தில் ஆழவில்லை, நம்மைப் போலக் கண் அசந்துவிட்டார்கள். விழித்துப் பார்த்தால் பந்தலும் இல்லை, பந்தல்காரரும் இல்லை.

திங்களூரில் அப்பூதியடிகள் செய்தது இதற்கும் ஒரு படி மேலே. நாவுக்கரசரை நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கும் பசுக்களுக்கும் அளவுப் படிக்கும் அவர் பெயரையே வைத்திருந்தார். வழியில் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர். ஒருநாள் நாவுக்கரசரே வெயிலில் நடந்து வந்து அந்தப் பந்தலில் ஒதுங்குகிறார். தன் பெயரை அங்கே பார்த்துவிட்டு, உம் பெயரை வைக்காமல் வேறு யார் பெயரையோ வைத்தது ஏன் என்று போய்க் கேட்கிறார். அப்பூதியடிகளுக்கு வந்ததே கோபம்!

அவர் நடந்த இன்னொரு பெரிய நடை கயிலாயத்துக்கு. காளத்தி, காசி எல்லாம் தாண்டி, பாதம் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, அதுவும் முடியாமல் புரண்டு போனார் என்று சேக்கிழார் எழுதுகிறார். போய்ச் சேர விடவில்லை. திரும்பச் சொல்லி ஒரு குளத்தில் மூழ்கவைத்துத் திருவையாற்றில் எழவைத்தான். எழுந்து வந்தவர் அங்கே எதில் கயிலையைக் கண்டார்? பிடியோடு வரும் களிற்றில், பெடையோடு வரும் கோழியில், குயிலில், நாரையில், கிளியில், இளம் பசுவோடு வரும் காளையில். பதிகம் முழுக்க இதுதான். மலையைத் தேடிப் போனவருக்குக் கோழியும் கிளியும்! ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இதை அப்பர் கயிலைக் காட்சியாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

நம் ஊர்களில் தர்மம் என்றால் ஏன் முதலில் தண்ணீர்ப் பந்தலும் சத்திரமும் நினைவுக்கு வருகின்றன என்பதற்கு இந்தக் கதைகள்தாம் காரணமா, அல்லது அந்த வழக்கத்திலிருந்து கதைகள் பிறந்தனவா, எப்படியும் இருக்கலாம். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் போர்களைவிட அவர் போட்ட சாலைகளும் கட்டிய சத்திரங்களும்தான் ஜனங்களுக்கு நினைவிருக்கின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்னும் நிற்கிறது. பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல். தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை வைப்பார்கள். அவளால் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, வழியில் போகிறவர்கள் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். 1867இல் வள்ளலார் வடலூரில் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

எங்கள் முப்பது கிலோமீட்டரில் ஒரு சுமைதாங்கியும் கண்ணில் படவில்லை. சாலையை அகலப்படுத்தியபோது நிழல் மரங்களும் போய்விட்டன. நடக்கிறவன் என்று ஒரு ஜாதி இருப்பதையே இப்போது சாலை போடுகிறவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நண்பரிடம் குறைப்பட்டேன். "கூழ் வண்டி இருந்ததே சார்" என்றார்.

மறைமலைநகர் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவிலில் மேற்கே திரும்பித் திருக்கச்சூர் போய்ச் சேரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. கோயில் நடை சாத்தியிருந்தது. உச்சிகாலம் முடிந்து சாத்திவிடுவார்கள் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நண்பர் மூடிய கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மதிலோரம் நிழலாக இருந்த இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"சுந்தரர் தரிசனம் முடிச்சுட்டுத்தான் வெளியில உட்கார்ந்தார். நாம முன்னாடியே உட்கார்ந்துட்டோம்" என்றார்.

நான் பையைப் பிரித்தேன். தயிர்சாதம் வெயிலில் லேசாகப் புளித்திருந்தது. மாவடு நன்றாக இருந்தது. வீட்டில் எப்போதும் ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே கட்டுவார்கள், அன்றைக்கும் அப்படித்தான். விரதம் என்று ஒரு வார்த்தை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பாதியை அவர் பக்கம் தள்ளினேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அப்படியே சாய்ந்தவர்தான், குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். நான் விழித்திருந்து காவல் காக்கலாம் என்று நினைத்தேன்.

யாரோ தட்டி எழுப்பியபோது நடை திறந்திருந்தது.