ஒரே தாளா, தனித்தாளா? 1957 முதுகுளத்தூர் அமைதிக் கூட்டம்: ஒரு மறுவாசிப்பு

1957 செப்டம்பர் 10 அன்று ராமநாதபுரம் ஆட்சியர் சி.வி.ஆர். பணிக்கர் முதுகுளத்தூரில் கூட்டிய அமைதிக் கூட்டத்தை நம் ஆய்வுலகம் வெறும் முன்கதையாகவே எழுதி வந்திருக்கிறது. மறுநாள் இரவு பரமக்குடியில் தேவேந்திரர் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 14ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர். இந்த இரண்டும் சேர்ந்து அந்தக் கூட்டத்தை மறைத்துவிட்டன. அங்கே எழுந்த வாக்குவாதத்தைத் தலைவர்களின் தன்மானச் சிக்கலாகச் சுருக்கி, அதனால் பேச்சு கெட்டது என்று முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அன்றைக்கு அங்கே மனம்திறந்து பேசப்பட்டது என்று ஏதாவது இருந்தால், அது அந்த வாக்குவாதம்தான்.

யார் என்ன சொல் சொன்னார் என்பதில் எழுதியவருக்கு எழுதியவர் வேறுபடுகிறார்கள். அந்தச் சொற்களை நம்பி நான் எதையும் கட்டவில்லை. ஆனால் ஒரு செய்தி நிற்கிறது. மறவர், நாடார், தேவேந்திரர் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டறிக்கைக்கு மறவர் தரப்புத் தலைவர் முத்துராமலிங்கத் தேவர் இசையவில்லை; ஒரே வாசகத்தைத் தனித்தனியே எழுதிக் கையெழுத்திடுவதென முடிவாயிற்று. இம்மானுவேலைத் தமக்கு நிகரான தலைவராக வைத்துப் பேசலாமா என்ற கேள்வியும் அங்கே எழுந்தது.

வாசகம் ஒன்றேதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அமைதி வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. பிறகு எதற்குத் தாளைப் பிரிக்க வேண்டும்? ஒரே தாளில் ஒரு பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் வந்து உட்கார்ந்துவிடும். கரிசல் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாவடித் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே நிற்க வேண்டும், டீக்கடையில் யாருக்கு எந்தக் குவளை என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்த காலம் அது. அந்தத் தூரம் கூட்டறிக்கையில் இல்லாமல் போயிருக்கும். தனித்தாள் அதைக் காப்பாற்றிக் கொடுத்தது.

தேவரின் மனத்தில் இருந்தது இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. இம்மானுவேல் கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட அவர் 1959இல் விடுதலையானார்; அந்த வழக்கு இந்தக் கட்டுரையின் பொருளும் இல்லை. அவர் பார்வர்டு பிளாக், இம்மானுவேல் காங்கிரஸ். அவ்வாண்டு ஜூலையில் நடந்த முதுகுளத்தூர் இடைத்தேர்தலின் சூடும் ஆறியிருக்கவில்லை. ஆகவே கட்சிப் பகையே காரணம் என்று வாதிடலாம். ஆனால் தேர்தலில் மோதியவர்கள் ஒரே தாளில் கையெழுத்திடுவது நம் அரசியலில் புதிதில்லை. தாள் எண்ணிக்கை வெறும் அலுவலக நடைமுறை என்பாரும் உண்டு. வெறும் நடைமுறைக்காக யாரும் மல்லுக்கட்டுவதில்லை.

நிர்வாகம் அன்று செய்தது, கேள்வியைக் கைவிட்டுக் கையெழுத்தை வாங்கியது. அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. புதூர், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் கோயில் கொடைக்கு முன்போ கைகலப்புக்குப் பின்போ தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். அதில் எழுதப்படும் தாளில் 'இரு தரப்பினரும்' என்று தொடங்கும் வாசகமும் அதன் கீழே இரண்டு பக்கமாகப் பிரிந்த கையெழுத்துகளும் ரேகைகளும் இருக்கும். இனி என்ன செய்யக்கூடாது என்று எழுதியிருக்கும். நடந்தது என்ன என்று இருக்காது. 1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் வட்டத்தில் கொடியங்குளத்துக்குள் போலீசே புகுந்து வீடுகளைச் சூறையாடியது. அங்கே எந்த இரு தரப்பைக் கூட்டுவது? நடந்ததை ஒப்புக்கொள்ளாமல் நீட்டிய நிவாரணப் பணத்தை அந்த ஊர் மக்கள் வாங்க மறுத்ததை நான் இந்த இடத்தில் வைத்தே படிக்கிறேன்.

நடந்ததைச் சொல்வதையே முதலில் வைத்த மாதிரியும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் டெஸ்மண்ட் டுட்டு தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996இல் விசாரணையைத் தொடங்கியபோது பாதிக்கப்பட்டவரின் சொல்லுக்கே முதலிடம் தந்தது. செய்ததை முழுதாகச் சொன்னால்தான் மன்னிப்பு என்றும் விதித்தது. சாதி வேறு, இனவெறி வேறு என்று 2001 டர்பன் மாநாட்டில் இந்திய அரசு வாதாடியது. அந்த வாதம் இங்கே எதையும் மாற்றாது. அவமானத்தைச் சொல்ல இடம் கேட்பதில் இரண்டும் ஒன்றே.

நம்மிடமும் வேறு மாதிரி ஒன்று உண்டு. உத்தப்புரத்தில் தலித்துகளைப் பிரித்து நின்ற தீண்டாமைச் சுவரில் 2008 மே மாதம் வழி திறந்த பிறகு, 2011 அக்டோபரில் பிள்ளைமாரும் தலித்துகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். முத்தாலம்மன் கோயிலுக்குள் போவது என்று பெயர் சொல்லியே அதில் பேசப்பட்டது. நவம்பர் 10 அன்று தலித்துகள் உள்ளே போய் வணங்கினார்கள். பின்னாளில் அரசமர வழிபாட்டை ஒட்டிப் பூசல் மறுபடி எழுந்தது உண்மை. ஆனாலும் எதைப் பற்றிய சண்டை என்பதை அந்த ஒப்பந்தம் ஒளிக்கவில்லை.

கரிசல் வட்டாரத் தாலுகா அலுவலகங்களில் எழுதப்பட்ட அமைதிக் கூட்டக் குறிப்புகள் கழிவுத்தாளாகப் போவதற்குள் படியெடுக்கப்பட வேண்டும். எடுப்பவர்கள் வாசகத்தைப் படிப்பதற்கு முன், கையெழுத்துகள் எத்தனை தாளில், எந்த வரிசையில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.