நண்பன் என்றொரு சொல்

ஓர் அந்நிய மொழியைக் கற்பவர் மேசை, கதவு, ரொட்டி ஆகிய சொற்களை முதல் வாரத்திலேயே கைவசப்படுத்திவிடுகிறார். நண்பன், அன்பு, நலம் விசாரிப்பு போன்ற சொற்களும் அதே முதல் பாடத்தில்தான் வருகின்றன. ஆனால் அவற்றைக் கற்றுமுடிக்கச் சில வேளைகளில் ஓர் ஆயுளே தேவைப்படுகிறது. ஆங்கிலம் கற்ற போலந்துக்காரர்களின் வரலாற்றை வாசிக்கையில் நமக்கு இதுவே தோன்றியது.

போலிஷ் மொழியில் உறவுகளுக்குத் தெளிவான படிநிலை உண்டு. வெறுமனே அறிமுகமானவர் 'ஸ்னயோமி'. உடன் படிப்பவர், உடன் வேலை செய்பவர் 'கொலேகா'. 'பிஷியாச்செல்' என்பது மிகச் சிலருக்கே உரியது. அது விசுவாசத்தையும் கடமையையும் கோரும் சொல். ஆங்கிலத்தின் 'ஃபிரண்ட்' இம்மூவரையும் ஒரே திண்ணையில் அமர்த்திவிடுகிறது. விளிப்பும் அவ்வாறே. நெருங்கியவரை 'தி' என ஒருமையில் விளிக்கும் மொழி, மற்றவரைப் 'பான்', 'பானி' என்று படர்க்கையில் வைத்து மரியாதை செய்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற, கைகோத்து மது அருந்தும் 'புரூடர்ஷாஃப்ட்' என்ற சிறு சடங்கே இருந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்தில் கட்சி வட்டாரங்கள் இதற்கு மாறாக 'வி' என்ற பன்மை விளிப்பைப் புழங்கின. அதில் ருஷ்ய வாடையை உணர்ந்த படித்த நகரவாசிகள் 'பான்', 'பானி'யைக் கைவிடவில்லை. ஒரு முன்னிலைச் சொல்கூட அரசியல் நிலைப்பாடாக இருந்த நாட்டிலிருந்து, எல்லோருக்கும் 'யூ' என்ற ஒன்றே போதும் எனும் மொழிக்குள் நுழைவது எளிதன்று.

1884இல் கிராக்கவ் நகரில் பிறந்த மானுடவியலாளர் புரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1910இல் லண்டனுக்கு வந்தார். ஆக்டன், ரிச்சர்ட்ஸ் இருவரும் எழுதி 1923இல் வெளிவந்த 'பொருளின் பொருள்' நூலின் பின்னிணைப்பாக அவருடைய கட்டுரை ஒன்று இடம்பெற்றது. தகவல் எதையும் தராமல் உறவை மட்டும் பேணும் பேச்சுக்கு 'ஃபாட்டிக் கம்யூனியன்' என்று அதில் அவர் பெயரிட்டார். நலமா என்பதும், இன்று நல்ல வெயில் என்பதும் அவ்வகை. அந்நியனின் மௌனம் மனிதனை அச்சுறுத்துகிறது, பேச்சு அந்த அச்சத்தைக் கலைக்கிறது என்பது அவருடைய விளக்கம். ஆங்கில உரையாடலின் மிகப் பழகிய வழக்கத்திற்கு ஆங்கிலத்திலேயே பெயர் சூட்டியவர், அம்மொழியைக் கற்றுக்கொண்ட ஒரு போலந்துக்காரர்!

ஆனால் அவரே டிரோப்ரியண்ட் தீவுகளில் தனிமையில் இருந்தபோது நாட்குறிப்பைப் பெரும்பாலும் போலிஷ் மொழியில்தான் எழுதினார். அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின், 1967இல், அது ஆங்கிலத்தில் வெளியானபோது ஆய்வுலகம் அதிர்ந்தது. தீவுவாசிகள்மீதான எரிச்சலும் வெறுப்பும் அதில் பதிவாகியிருந்தன. தாயின் மரணத்தை எண்ணிய துயரமும் இருந்தது. தாம் மணக்கவிருந்த ஆஸ்திரேலியப் பெண்ணுக்கோ அவர் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். கோபமும் துக்கமும் தாய்மொழியிலும், காதல் கற்ற மொழியிலுமாக அவருள் பிரிந்து நின்றன.

ஈவா ஹாஃப்மனின் அனுபவம் இதைவிட வலிமிக்கது. 1959இல், பதின்மூன்று வயதில், கிராக்கவிலிருந்து கனடாவின் வான்கூவருக்குக் குடும்பத்துடன் புலம்பெயர்ந்தார். பள்ளியில் 'எவா' 'ஈவா'வானார். தங்கை 'அலினா' 'எலைன்' ஆனாள். தமது சுயசரிதை நூலில் (1989) 'ஃபிரண்ட்' என்ற சொல் தம்மைப் படுத்திய பாட்டை அவர் விவரிக்கிறார். யாரையும் நண்பர் எனச் சொல்லிவிடலாம் என்ற நிலையில், உண்மையான நட்புக்கு அவரிடம் சொல்லே இல்லாமல் போயிற்று.

இச்சிக்கலை ஆய்வாக வளர்த்தெடுத்தவர், 1938இல் வார்சாவில் பிறந்து பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறிய மொழியியலாளர் அன்னா வியெர்ஸ்பிட்ஸ்கா. ஆங்கிலத்தில் ஒரு வேண்டுகோள் கேள்வியின் உருவில் வரும். போலிஷில் 'உட்காருங்கள், சாப்பிடுங்கள்' என்ற நேரடி ஏவலே வாஞ்சையின் அடையாளமாகலாம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்பவர் முரடராகத் தோன்றுகிறார். 1985இல் வெளியான கட்டுரையில் அவர் வாதிட்டது இதைத்தான்: ஆங்கிலேயரின் நாகரிகத்தை மனிதகுலத்தின் பொது நாகரிகமாகக் கொண்டு மற்ற மொழியினரை அளப்பது தவறு.

1989க்குப் பின் போலந்துப் பள்ளிகளில் ருஷ்ய மொழிக்கான கட்டாயம் நீங்கியது. ஆங்கிலம் அவ்விடத்தைப் பிடித்தது. 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தவுடன் பிரிட்டன் தன் வேலைச் சந்தையைத் திறந்தது. 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலிஷைத் தம் முதன்மை மொழியாகக் குறிப்பிட்டோர் ஏறத்தாழ 6,12,000 பேர். அறிஞர்கள் மூவர் எழுதிப் புரிந்துகொண்ட சிக்கலைக் கட்டடத் தொழிலாளியும் தாதியும் எழுதாமலே அனுபவித்திருப்பார்கள். 'நலமா?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் நடந்துபோகும் சக ஊழியரைப் பார்த்து, தன்மீது அவருக்கு அக்கறையில்லை என்று முதல் மாதத்தில் வருந்தியவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ! சொல்லின் பொருளை அகராதி அவர்களுக்குத் தந்திருந்தது. அது எவ்வளவு நெருக்கத்திற்கு உரிய சொல் என்பதை மட்டும் அவர்கள் தாங்களே, பெரும்பாலும் தனிமையில், கற்க வேண்டியிருந்தது.