மாற்றுத்தடக் கம்பியில்லா இணைப்பு

மாற்றுத்தடக் கம்பியில்லா இணைப்பு என்பது இரு இடங்களுக்கிடையே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கம்பியில்லாத் தடங்களை நிறுவி, ஒன்று பழுதுற்றால் தரவுப் போக்குவரத்து தானாகவே மற்றொன்றுக்கு மாறும்படி செய்யும் பிணைய அமைப்பு ஆகும். சவ்வாது மலை போன்ற பகுதிகளில் முகடுகள் பார்வைக்கோட்டை மறைப்பதால் இடைநிலைக் கோபுரங்கள் தேவைப்படுகின்றன. கோபுரங்கள் கூடுந்தோறும் பழுதுக்கான வாய்ப்பும் கூடுகிறது.

செயற்படும் முறை

அலைபரப்பி செயலிழந்தாலும், அதைத் திசைவியுடன் இணைக்கும் கம்பி உயிருடன் இருப்பதுபோலவே தோன்றக்கூடும். எனவே திசைவிகள் சிறு பொதிகளை இடைவிடாது பரிமாறி மறுமுனையைச் சோதிக்கின்றன. ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் இப்பொதிகள் வழக்கமாக 10 நொடிக்கு ஒருமுறை அனுப்பப்படுகின்றன. 40 நொடிகள் மறுமொழி இல்லையெனில் தடம் அறுந்ததாகக் கொள்ளப்படும். 2010 இல் தரப்படுத்தப்பட்ட பிஎஃப்டி நெறிமுறை இதனை ஒரு நொடிக்கும் குறைவாக்க வல்லது.

தேனி பிணையம்

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை ஊர்ப்புறப் பார்வை மையங்களுடன் இணைக்கும் நெடுந்தொலைவு வைஃபை பிணையத்தை, 2000களின் நடுப்பகுதியில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு அமைத்தது. நோயாளிகள் தம் ஊரருகே இருந்தபடியே நிகழ்படம் வழியாக மருத்துவரின் ஆலோசனையைப் பெற்றனர். இணைப்பு அறுந்தால் ஆலோசனையும் நின்றுவிடும். தரமற்ற மின்வழங்கலே பழுதுகளின் முதன்மைக் காரணம் என அக்குழு 2008 இல் எழுதியது.

வரம்புகள்

இரு தடங்களும் ஒரே கோபுரத்தையோ ஒரே மின்வழங்கலையோ சார்ந்திருப்பின் அவை ஒருசேர வீழும். ஆகவே தனித்தனி மின்கலம், வேறுபட்ட அலைவரிசை, இயலுமாயின் வேறொரு முகட்டின் வழியான தடம் ஆகியன தேவை. முதன்மைத் தடத்தை அவ்வப்போது வேண்டுமென்றே துண்டித்துச் சோதித்தலும் இன்றியமையாதது.