மைலேஜ் கூடிருச்சுன்னு சந்தோஷப்படுறீங்களா? ஒரு நிமிஷம், பிளக்கைக் கழற்றிப் பாருங்க!

என்னுடைய பழைய 100 சிசி பைக் லிட்டருக்கு 55 கொடுத்துக்கிட்டு இருந்தது. 'ட்யூன் பண்ணித் தர்றேன், 60 தாண்டும்' என்றார் ஒரு மெக்கானிக். சொன்ன மாதிரியே 62 வந்தது. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நாலு ஃப்ரெண்ட்ஸையும் அவரிடமே அனுப்பி வைத்தேன். ரெண்டு மாசம் கழித்து, மே மாத வெயிலில், திண்டிவனம் தாண்டி ஹைவேயில் போகும்போது வண்டி திடீரென யாரோ பின்னாடி பிடித்து இழுப்பதுபோல் தளர்ந்து அப்படியே நின்றுவிட்டது. கிக்கர் இறங்கவே இல்லை. பிஸ்டன் ஜாம்!

வேறு ஒர்க்‌ஷாப்பில் பிரித்தபோது, அந்த அண்ணன் முதலில் கையில் எடுத்தது பிஸ்டனை இல்லை, பிளக்கை. முனையில் இருந்த பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. "பெட்ரோலே போகலையே தம்பி" என்றார். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைத்து, நீடிலையும் இறக்கி வைத்திருந்தார்கள். போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, ரெண்டு மாசம் மிச்சம் பிடித்த பெட்ரோல் காசைப்போலப் பல மடங்கு போனது. நடுவில் ஒரே ஒரு முறை பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால், பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

பிளக் என்ன சொல்லும்?

ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய, சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் இதைவிட அதிகமானால் 'ரிச்', குறைந்தால் 'லீன்'. இந்தக் கலவை எரிகிற இடத்துக்குள் எந்நேரமும் மூக்கை நீட்டிக்கொண்டு இருக்கிற பார்ட் பிளக்தான். அதன் முனை 450, 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான், தன்மேல் படிகிற கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850-ஐத் தாண்டினால் ஆபத்து. பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டிலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ள ஆரம்பிக்கும். இந்த ரெண்டு எல்லைக்கு நடுவில் உங்க என்ஜின் எங்கே ஓடுகிறது என்பதைத்தான் பிளக்கின் நிறத்தில் பார்க்கிறோம்.

நடுவில் இருக்கிற பீங்கானைப் பாருங்க. டீக்கடை பிஸ்கட் நிறம், லேசான பழுப்பு, சாம்பல் கலந்த பழுப்பு... இதெல்லாம் நல்ல சேதி. காய்ந்த, கையில் ஒட்டுகிற கறுப்புக் கரி என்றால் ரிச். ஈரமாக, பிசுபிசுன்னு கறுப்பாக இருந்தால் அது பெட்ரோல் பிரச்னையே இல்லை. ஆயில் மேலே ஏறுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். சைலன்ஸரில் நீலப் புகையும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். ஆர்.எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து பயப்பட வேண்டாம். அதில் ஆயிலும் சேர்ந்தே எரிவதால், பிளக் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும்.

கறுப்பு செலவு வைக்கும். மிஸ்ஸிங் அடிக்கும், காலையில் கிக் அடித்தே கால் வலிக்கும். ஆனால் நிஜமாகவே பயப்பட வேண்டியது வெள்ளைக்குத்தான். உள்ளே போகிற பெட்ரோல் ஆவியாகும்போது கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பெட்ரோல் குறைந்தால் அந்தக் குளிர்ச்சியும் குறையும். பீங்கான் வெளுத்து, அதில் சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் எச்சரிக்கை. வெள்ளி மாதிரி மினுக்கும் பொடிப் புள்ளிகள் தெரிந்தால், அது உங்க பிஸ்டனின் அலுமினியம். வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீடு வரை ஓட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

ஒரு விஷயத்தில் பழைய சார்ட்டை நம்பி ஏமாறாதீங்க. மெக்கானிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் பிளக் படங்களில் பல, ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பழக்கத்தில் வந்தவை. ஈயம் 2000-லேயே நம் நாட்டில் போய்விட்டது. இன்றைய பெட்ரோலில் அவ்வளவு அழுத்தமான பழுப்பு படியாது. நல்ல நிலையில் இருக்கிற பிளக்கே கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். 'காபி கலர் வரலையே' என்று பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனால் ரிச் ஆகிவிடும். லேசாக வெளிறியது வேறு, சுண்ணாம்பு மாதிரி வறண்டு வெளுத்தது வேறு.

எப்போது கழற்றுவது?

நம்மில் பெரும்பாலானவர்கள் தப்பு செய்வது இங்கேதான். ஆபீஸிலிருந்து டிராஃபிக்கில் உருட்டிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் பத்து நிமிஷம் ஐடிலிங்கில் விட்டு, அப்புறம் கழற்றினால் எந்த பிளக்கும் கறுப்பாகத்தான் தெரியும். அது ஐடிலிங் கதை மட்டுமே. கார்புரேட்டரில் திராட்டில் திறக்கிற அளவுக்கு ஏற்ப வேலை செய்கிற பாகம் மாறும். தொடக்கத்தில் கால்வாசி வரை ஸ்லோ ஜெட், அதிலிருந்து முக்கால்வாசி வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். எந்த வேகத்தில் ஓட்டிவிட்டு நிறுத்தினீர்களோ, அந்த இடத்தின் நிலவரம்தான் பிளக்கில் இருக்கும்.

அதனால் சுத்தமான பிளக் போட்டு, காலியான ரோட்டில் 20 கிலோமீட்டர் ஒரே சீராக 50, 60-ல் போங்கள். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்து, கிளட்ச்சைப் பிடித்து, திராட்டிலை விட்டு, அதே நொடியில் கில் ஸ்விட்ச்சை அழுத்தி ஓரமாக உருட்டி நிறுத்துங்கள். ஐடிலிங்கில் விடாததால் படிந்த நிறம் அப்படியே இருக்கும். கில் ஸ்விட்ச் இல்லாத வண்டியில் ஓடும்போது சாவியைத் திருகுகிற விளையாட்டு வேண்டாம்.

என்ஜின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். சூட்டோடு திருகினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். பிளக் விலையைவிட அந்த வேலைக்கு ஆகிற கூலி பல மடங்கு. கேப்பைப் பிடித்து இழுங்கள், வயரை இல்லை. சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டுக் கழற்றுங்கள். பல்சர் 150-ல் ரெண்டு பிளக், என்.எஸ் 200-ல் மூன்று. எல்லாவற்றையும் பாருங்கள். நிழலான வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து போனில் போட்டோ எடுங்க. தாள் இல்லாமல் எடுத்தால் போன் கேமரா தானாக நிறத்தை மாற்றிவிடும். அடுத்த மாசம் ஒப்பிட்டுப் பார்க்கும்போது குழம்புவீர்கள்.

கறுப்பு வந்தவுடன் கார்புரேட்டர் ஸ்க்ரூவில் கை வைக்காதீங்க. முதலில் ஏர் ஃபில்டர். தூசி அடைத்தால் காற்று குறைந்து ரிச் ஆகும். அடுத்து, சோக் முழுசாகத் திரும்புகிறதா? தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற வண்டியில் பிளக் சூடேறவே வாய்ப்பில்லாமல் கரி பிடிக்கும்; அதற்கு மருந்து ஒரு நீளமான ரைடு. ஊட்டி போய் வந்தாலும் கறுக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே செட் பண்ணின கார்புரேட்டருக்கு அது தெரியாது.

வெள்ளை என்றால் கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே காற்று இழுத்தால் லீன். ஜெட்டில் அடைப்பும் இருக்கலாம். இன்னொன்று: இப்போது பங்கில் போடுவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய கார்புரேட்டர் வண்டி முன்பைவிட லேசாக லீன் ஓடும். ஏற்கெனவே மைலேஜுக்காகக் குறைத்து வைத்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பிளக்கே தப்பாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீங்க. என்.ஜி.கே பிளக்கில் நம்பர் கூடினால் 'கோல்டு' வகை. பாஷில் நம்பர் கூடினால் 'ஹாட்'. கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான்' என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காமல், வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும் நம்பரைக் கேளுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 பைக்கா? பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். சைலன்ஸரில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸர் பார்த்து, கலவையை அதுவே திருத்திக்கொள்ளும். திருகுவதற்கு ஸ்க்ரூ கிடையாது. அதிலும் பிளக் கறுத்தோ வெளுத்தோ போனால், சென்ஸரோ இன்ஜெக்டரோ சொதப்புகிறது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். கையில் இருக்கும் போட்டோவைக் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும்.

திரும்ப மாட்டும்போது ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள்; இடையில் சிக்கினால் கழற்றி மறுபடி நேராக வையுங்கள். வாஷர் உட்கார்ந்த பிறகு, புது பிளக் என்றால் ஸ்பேனரில் அரைச் சுற்று. பழையது என்றால், கடிகாரத்தில் சின்ன முள் ஒரு மணி நேரத்துக்கு நகர்கிற அளவு போதும்.