முட்டைக் கூடையும் மின்சாரக் காரும்

வில் வண்டி, கட்டை வண்டி என்று தமிழில் இரண்டு வார்த்தைகள் உண்டு. இரண்டையும் இழுத்தது மாடுதான். ஓடியதும் ஒரே ரோட்டில்தான். ஆனால் வில் வண்டியின் அடியில் இரும்புப் பட்டைகளை வில் மாதிரி வளைத்துப் பொருத்தியிருப்பார்கள். மிராசுதாரும் அவர் வீட்டுக்காரர்களும் அதில் போவார்கள். நெல் மூட்டையும், அதை ஏற்றி இறக்கும் ஆளும் கட்டை வண்டியில் போவார்கள். குலுங்காமல் போவது என்பது அப்போதே காசு உள்ளவர்கள் சமாச்சாரமாகத்தான் இருந்தது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1804-ல் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கு நீள்வட்ட வடிவ பட்டை ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதை மாட்டிக்கொண்டவர்கள் சொந்தமாகக் கோச்சு வண்டி வைத்திருந்த சீமான்கள். கார் வந்த பிறகும் ரொம்ப நாளைக்கு அடியில் இருந்தது அதே குதிரை வண்டிப் பட்டைகள்தான்.

1895-ல் பாரிஸ் - போர்டோ கார் பந்தயத்தில் மிஷ்லின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் போட்ட காரை ஓட்டிக் காட்டினார்கள். வழி நெடுக பஞ்சர். ஆனால் காற்றின் மேல் உட்கார்ந்து போகலாம் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இந்த மிஷ்லின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குள் மறுபடியும் வரும்.

மெத்தென்று இருந்தால் என்ன கஷ்டம்?

ஸ்பிரிங்கை மெத்தென்று வைத்துவிட்டால் போச்சு, இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை. ஒன்று, பள்ளம் மேடு உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு அது மென்மையாக இருக்க வேண்டும். இரண்டாவது, வளைவில் கார் சாயாமல், பிரேக் போட்டால் மூக்கு குத்தாமல், ஆள் ஏறினால் தரையோடு உட்காராமல் தாங்குவது. அதற்கு அது கடினமாக இருக்க வேண்டும். ஒரே ஸ்பிரிங் இரண்டாகவும் இருக்க முடியாது.

சின்னக் காரில் இது இன்னும் மோசம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காரின் எடை 500 கிலோ. தலைக்கு 70 கிலோ வீதம் நாலு பேர் ஏறினால் 280 கிலோ. காரின் எடையில் பாதிக்கும் மேல்! நாலு பேரைத் தாங்குகிற மாதிரி ஸ்பிரிங் வைத்தால், டிரைவர் மட்டும் போகும்போது தூக்கிப் போடும். டிரைவருக்கு ஏற்ற மாதிரி வைத்தால், நாலு பேர் ஏறியதும் அடி தட்டும். 2 டன் எடையுள்ள பெரிய காரில் அதே நாலு பேர் வெறும் 14 சதவீதம்தான். அதனால்தான் பெரிய கார் சொகுசு, சின்னக் கார் குலுக்கல் என்பது ஒரு சட்டம் மாதிரியே ஆகிவிட்டது.

அந்தச் சட்டத்தை உடைக்கப் பார்த்தது பிரான்ஸ் நாட்டு சிட்ரோன் கம்பெனி.

விவசாயிக்கு ஒரு கார்

1934-ல் சிட்ரோன் கடனில் மூழ்கியது. கடன் கொடுத்தவர்களில் பெரியவரான மிஷ்லின் டயர் கம்பெனி அதைக் கையில் எடுத்துக்கொண்டது. அப்போது நிர்வாகத்துக்கு வந்தவர் பியேர் பூலாஞ்ஜே. அந்தக் காலத்து பிரெஞ்சு கிராமங்களில் விவசாயிகள் குதிரை வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கார் செய்ய வேண்டும் என்றார் அவர். இன்ஜினியர்களிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்:

இரண்டு விவசாயிகள், கூட 50 கிலோ உருளைக்கிழங்கு. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல். கடைசியாக, உழுத வயலில் ஒரு கூடை முட்டையை வைத்து ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது.

மற்றதெல்லாம் எந்தக் கம்பெனியும் கேட்கக்கூடியதுதான். அந்தக் கடைசி நிபந்தனைதான் புதுசு. விவசாயிக்குத்தானே, குலுங்கினால் என்ன என்று பூலாஞ்ஜே நினைக்கவில்லை. மோசமான ரோட்டில் தினமும் போகிறவன் அவன், சந்தைக்கு முட்டை கொண்டுபோகிறவனும் அவன்தான். ஆகவே நல்ல சஸ்பென்ஷன் முதலில் தேவைப்படுவது அவனுக்குத்தான். வில் வண்டிக் கணக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டார்.

1939 அக்டோபர் பாரிஸ் கண்காட்சியில் காரைக் காட்டுவதாக இருந்தது. செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. ஜெர்மானியர்கள் கையில் சிக்கக் கூடாது என்று செய்து வைத்திருந்த மாதிரிக் கார்களில் பெரும்பாலானவற்றை அழித்தார்கள், சிலவற்றை ஒளித்து வைத்தார்கள். கடைசியில் 1948 அக்டோபரில்தான் 2சிவி என்ற அந்தக் கார் வெளியே வந்தது. 375 சிசி, இரண்டு சிலிண்டர், 9 குதிரைத்திறன். நம்ம ஊர் பைக் அளவு இன்ஜின்! பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். டச்சுக்காரர்கள் 'அசிங்கமான வாத்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அடியில் இருந்தது கேலிக்குரியதாக இல்லை. ஒவ்வொரு பக்கமும் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் படுக்கை வாட்டில் வைத்த ஸ்பிரிங் உருளை வழியாக இணைத்திருந்தார்கள். முன் சக்கரம் மேட்டில் ஏறினால் அந்த அசைவின் ஒரு பங்கு பின்பக்கத்துக்கும் போய்ச் சேரும். அதனால் கார் முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆடாமல் ஓரளவு மட்டமாகவே போகும். வளைவில் கார் பயங்கரமாகச் சாயும், பார்ப்பவர்களுக்குக் கவிழ்ந்துவிடும் போல இருக்கும், ஆனால் சக்கரம் ரோட்டை விடாது.

வாங்குவதற்குப் பல வருஷக் காத்திருப்பு. வேலைக்குக் கார் கட்டாயம் தேவை, ஆனால் சாதாரண கார் வாங்க வசதியில்லை என்பவர்களுக்கு கம்பெனி முன்னுரிமை கொடுத்தது. கிராமத்து டாக்டர்கள், மருத்துவச்சிகள், கால்நடை மருத்துவர்கள், சிறு விவசாயிகள்... இவர்களுக்கு முதலில். 1990 வரை 42 வருஷம் அந்தக் கார் தயாரானது.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று

அதே கம்பெனியில் பால் மாஜெஸ் என்று ஒருவர் இருந்தார். பொறியியல் பட்டம் எதுவும் இல்லாதவர், சின்ன வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து தானாகப் படித்து மேலே வந்தவர். இரும்பு ஸ்பிரிங்கையே தூக்கிப் போட்டுவிட்டால் என்ன என்று யோசித்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்பு உருண்டை. அதற்குள் ஒரு பாதியில் நைட்ரஜன் வாயு, மறு பாதியில் எண்ணெய், நடுவில் ரப்பர் சவ்வு. சக்கரம் எழும்பினால் எண்ணெய் வாயுவை அமுக்கும். வாயுதான் ஸ்பிரிங்.

இதில் அழகு என்னவென்றால், ஆள் ஏறி கார் கீழே இறங்கினால் பம்ப் இன்னும் கொஞ்சம் எண்ணெயை அனுப்பி காரைப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும். அமுங்கிய வாயு தானாகவே கொஞ்சம் கடினமாகிவிடும். அதாவது ஒருத்தர் போனால் அதற்கு ஏற்ற மென்மை, ஐந்து பேர் போனால் அதற்கு ஏற்ற பலம். ஒரே ஸ்பிரிங் இரண்டாகவும் இருக்க முடியாது என்ற பழைய சிக்கலுக்கு இதுதான் பதில்.

1954-ல் பழைய மாடல் ஒன்றின் பின் சக்கரங்களில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். 1955 அக்டோபர் பாரிஸ் கண்காட்சியில் நாலு சக்கரத்துக்கும் இதே ஏற்பாட்டோடு டிஎஸ் கார் வந்தது. முதல் நாளிலேயே 12,000 பேர் பதிவு செய்தார்கள். 1962 ஆகஸ்ட் 22 அன்று பிரான்ஸ் அதிபர் டிகால் மேல் பெட்டி-கிளாமார் என்ற இடத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். டயர்கள் போயும் டிரைவர் நிறுத்தாமல் ஓட்டித் தப்பிக்க வைத்தது ஒரு டிஎஸ் காரைத்தான்.

தலைவர்கள் கார் என்று பெயர் வாங்கிய அதே வண்டி, நீளமான மாடலாக பிரான்சில் ஆம்புலன்ஸாகவும் ஓடியது. முதுகெலும்பு உடைந்தவருக்கு ரோட்டில் ஒவ்வொரு குலுக்கலும் வேதனை என்பதை யோசித்தால், இது ஆடம்பரமா அவசியமா என்பது விளங்கும்.

1970-ல் ஜிஎஸ் என்ற சின்னக் குடும்பக் காரிலும் இதே சஸ்பென்ஷனை வைத்தார்கள். இன்ஜின் 1015 சிசிதான். நடுத்தரக் குடும்பத்துக்கும் டிஎஸ் மாதிரியான சவாரி! 1971-ன் ஐரோப்பிய சிறந்த கார் விருதும் அதற்குத்தான்.

கணக்குப் புத்தகம் என்ன சொன்னது?

ஆனால் சொகுசுக்கும் விலை உண்டு. பம்ப், குழாய்கள், உருண்டைகள், தனி எண்ணெய் எல்லாம் செலவு. ஆரம்பத்தில் போட்ட எண்ணெய் ஈரத்தை இழுத்து உள்ளே துரு பிடிக்க வைத்தது, 60களின் பின்பாதியில் பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாறிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. சாதாரண மெக்கானிக்குகள் இந்தக் காரைத் தொடவே பயந்தார்கள். ஒரே நேரத்தில் பல புது மாடல்களுக்கும் புது இன்ஜினுக்கும் பணத்தைக் கொட்டிய கம்பெனிக்கு 1973 எண்ணெய் நெருக்கடி பெரிய அடி. 1974-ல் மறுபடியும் திவால் நிலை, இந்த முறை காப்பாற்றியது பெஜோ.

அதன் பிறகும் பல வருஷம் இந்த சஸ்பென்ஷன் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பெரிய மாடல்களில்தான் மிச்சம் இருந்தது. 2017-ல் சி5 காரோடு அதுவும் முடிந்தது. கணக்கு எழுதுகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஷோரூமில் நிற்கிற காரில் பெரிய திரை தெரியும், அலாய் வீல் தெரியும். சஸ்பென்ஷன் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு யார் கூடுதல் பணம் கொடுப்பார்கள்?

அதற்குப் பதிலாக சிட்ரோன் ஒரு மலிவான வழியைக் கண்டுபிடித்தது. சாதாரண ஸ்பிரிங், சாதாரண ஷாக் அப்சார்பர்தான். ஆனால் ஷாக் அப்சார்பரின் இரண்டு முனையிலும் குட்டியாக ஒரு எண்ணெய்த் தடுப்பு. வழக்கமான காரில் பெரிய பள்ளத்தில் விழுந்தால் முனையில் இருக்கும் ரப்பரில் மோதி, அந்த அடி அப்படியே திரும்பி வரும். இதில் எண்ணெய் அந்த அடியைப் படிப்படியாக வாங்கிக்கொள்ளும். மேலே கீழே இரண்டு முனையிலும் பாதுகாப்பு இருப்பதால் நடுவில் ஸ்பிரிங்கை மென்மையாக வைக்கலாம். சி5 ஏர்கிராஸ் எஸ்யூவியில் இதுதான் இருந்தது. 2021-ல் அந்தக் கார் இந்தியாவுக்கு வந்தபோது திருவள்ளூர் தொழிற்சாலையில்தான் பூட்டினார்கள்.

2 டன்னும் முட்டையும்

2025-ல் அதே பெயரில் மின்சார எஸ்யூவி வந்தது, இ-சி5 ஏர்கிராஸ். 73 அல்லது 97 கிலோவாட் மணி பேட்டரி. அதே எண்ணெய்த் தடுப்பு ஷாக் அப்சார்பர். எடை சுமார் 2 டன். 100 கிலோவாட் மணி அளவுள்ள பேட்டரி ஒன்றின் எடையே கிட்டத்தட்ட ஒரு முழு 2சிவியின் எடை!

மேலே போட்ட கணக்குப்படி பார்த்தால் கனமான கார் சொகுசாக இருக்க வேண்டும். பேட்டரி தரையில் கிடப்பதால் கார் சாய்வதும் குறைய வேண்டும். பிறகு ஏன் பல மின்சார எஸ்யூவிகள் 'தூக்கிப் போடுகிறது' என்று பேச்சு வாங்குகின்றன? காரணம் மூன்று. அவ்வளவு எடை வளைவிலும் பிரேக்கிலும் அலைபாயாமல் இருக்க ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் இறுக்கிவிடுகிறார்கள். பார்வைக்காகப் பெரிய வீல், மெல்லிய டயர் போடுகிறார்கள். மிஷ்லின் சகோதரர்கள் 1895-ல் கொடுத்த காற்று மெத்தை பாதியாகிவிடுகிறது. மூன்றாவது, இன்ஜின் சத்தம் கிடையாது. முன்பு அந்தச் சத்தத்தில் மறைந்துபோன 'டொக்' எல்லாம் இப்போது காதில் விழுகிறது.

இதற்கெல்லாம் மருந்து இல்லாமல் இல்லை. ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறது, ரோட்டுக்கு ஏற்ப நொடிக்கு நொடி மாறும் ஷாக் அப்சார்பர் இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் விலை உயர்ந்த மாடலில்தான் கிடைக்கும். நல்ல ரோட்டில் போகிறவருக்கு காற்று, குண்டும் குழியுமான ரோட்டில் போகிறவருக்கு இரும்பு. மறுபடியும் வில் வண்டி, கட்டை வண்டிதான்.

80 வருஷத்துக்கு முன்னால் 9 குதிரைத்திறனும் கொஞ்சம் தகரமும் வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி இந்தக் கணக்கை மாற்றிக் காட்டியிருக்கிறது. அவர்களிடம் நம்மை விட நல்ல தொழில்நுட்பம் இருக்கவில்லை. முதலில் யாருக்கு என்ற கேள்விக்கு வேறு பதில் இருந்தது, அவ்வளவுதான். கார் வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவை வழவழ பைபாஸில் முடித்துக்கொள்ளாமல், தங்கள் வீட்டுத் தெரு வரைக்கும் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்க்கலாம். பின் சீட்டில் வீட்டுப் பெரியவரை உட்கார வைத்தால் இன்னும் நல்லது. ஷோரூமில் தெரியாத விஷயத்தை எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் கணக்குப் புத்தகத்திலும் அதற்கு ஒரு இடம் கிடைக்கும்.